கிதார் கழுத்தில் சாய்ந்த தலையை ஒட்டலாமா, ஒரே கட்டையில் வெட்டலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவு: தோட்ட மகோகனியில் கிதார் கழுத்து செய்கிறீர்கள். தலைப்பகுதியை 14 டிகிரி சாய்த்து ஒட்டினீர்கள். முதல் முறை கிளாம்பை இறுக்கும்போது தலைத்துண்டு 2 மி.மீ. நழுவிவிட்டது. இரண்டாம் முறை நன்றாக ஒட்டியதுபோல் இருந்தது, கம்பி கட்டி ஒரு மாதத்தில் கழுத்தின் பின்பக்கம் மயிரிழை அளவு கோடு விட்டது. தஞ்சாவூரில் வீணை செய்யும் ஆசாரி ஒருவர், "ஒட்டு எப்போதும் ஒட்டுதான், ஒரே கட்டையில் வெட்டு" என்கிறார். எந்தப் பசை, குச்சி அடித்தால் நிற்குமா என்று கேட்கிறீர்கள். பசையும் குச்சியும் இரண்டாவது கேள்விகள். இந்த இடத்தில் ஒட்டை நம்பலாமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. நம்பலாம். ஒரே கட்டையில் வெட்டிய தலையைவிட ஒழுங்காக ஒட்டிய தலைதான் இந்த இடத்தில் வலுவானது. அந்த "ஒழுங்காக" என்ற சொல்லுக்குள் என்னென்ன இருக்கிறது என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

ஆசாரி சொன்னதைத் தள்ளிவிட வேண்டாம். அவர் தொழிலில் அது சரியான பேச்சு. ஒரே பலாக்கட்டையில் குடைந்த ஏகாந்த வீணைக்கு உள்ள மதிப்பு, குடம், தண்டி, யாளித்தலை மூன்றையும் தனித்தனியாகச் செய்து சேர்த்த ஒட்டு வீணைக்கு இல்லை. ஆனால் வீணையில் கம்பிகளின் இழுவை, கம்பி சுற்றும் பிரடைகளோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் வளைந்து இறங்கும் யாளி எந்தச் சுமையையும் தாங்குவதில்லை. கிதாரில் நிலைமை வேறு. கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் சாவிகள் எல்லாமே சாய்ந்த தலையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. மெல்லிய வகை எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து அக்கூஸ்டிக் கிதாரில் 70 கிலோவுக்குச் சற்று மேலேயும், எலெக்ட்ரிக்கில் 45 கிலோவை ஒட்டியும் இழுக்கும். நைலான் கம்பி சுமார் 40 கிலோ. இந்த இழுவை தலையை இரவும் பகலும் முன்னால் மடக்கப் பார்க்கிறது. அதனால் நட்டுக்கு, அதாவது வீணையில் மேரு இருக்கும் இடத்துக்கு, நேர் பின்புறம் மரம் இழுபடுகிறது, முன்புறம் அமுங்குகிறது. உங்கள் கோடு பின்பக்கம் விட்டதற்குக் காரணம் இதுதான்.

இப்போது ஒரே கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 180 மி.மீ. நீளத் தலை 14 டிகிரி சாய்ந்தால் அதன் நுனி சுமார் 43 மி.மீ. கீழே இறங்கும். தலையின் கனத்தையும் சேர்த்தால் 60 மி.மீ. கனமுள்ள கட்டை வேண்டும். அதில் பெரும்பகுதி சிராயாகவும் தூளாகவும் போகும். செலவையாவது பொறுத்துக்கொள்ளலாம், நார் ஓடும் திசையை மாற்ற முடியாது. மரத்தின் நார் கழுத்தின் வழியே நேராக ஓடுகிறது, தலையோ 14 டிகிரி விலகி இறங்குகிறது. 15 மி.மீ. கனமுள்ள தலையில் மேல்முகத்தில் தொடங்கும் நார், சுமார் 60 மி.மீ. போவதற்குள் மறுமுகத்தில் வெளியேறிவிடும். விறகு பிளப்பவருக்குத் தெரியும், கோடரி நாரின் வழியில் விழுந்தால் ஒரே அடி போதும். கிதார் மல்லாக்க விழும்போது தலையில் படும் அடியும் அப்படித்தான் நாரோடு ஓடிப் பிளக்கிறது. ஒட்டுத் தலையில் கழுத்தின் நார் கழுத்தோடும், தலையின் நார் தலையோடும் ஓடுகின்றன. இரண்டும் 80 மி.மீ. நீளமுள்ள சரிந்த முகத்தில் ஒன்றன்மேல் ஒன்று படுத்து ஒட்டுகின்றன. நாரோடு நார் படுத்து ஒட்டிய அந்தப் பரப்பு, நல்ல பசை நன்றாகக் காய்ந்திருந்தால், பக்கத்து மரத்தைவிட முன்னதாக விடாது. இதில் சந்தேகமே வேண்டாம்.

சந்தேகத்துக்கு இடமுள்ளது ஒலி விஷயம். ஒட்டு இருந்தால் நாதம் குறையும் என்று சிலர் சொல்வார்கள், இல்லை என்று சிலர் சொல்வார்கள். ஒரே மரத்தில் இரண்டு விதமாகவும் கழுத்து செய்து, மற்ற எல்லாவற்றையும் மாற்றாமல் ஒப்பிடுவது நடைமுறையில் ஆகாத காரியம். ஆகவே அந்த வாதத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஒட்டை எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். பலகையைச் சாய்வாக அறுத்து, வெட்டுண்ட துண்டைப் புரட்டி வைத்தால் இரண்டு வழிகள் கிடைக்கும். முதல் வழியில், கழுத்துத் துண்டின் மேல்முகத்தில் உள்ள சரிவின்மேல் தலைத்துண்டு ஏறிப் படுக்கிறது. தலைத்துண்டின் சீவிய முனை மேலே வந்து கழுத்தின் மேல்முகத்தோடு ஒரே மட்டமாக நிற்கும், அதன்மேல் ஃப்ரெட்போர்டு, அதாவது விரல் பதியும் மேல்பலகை, வந்து மூடிவிடும். இதில் தலை முழுவதும் ஒரே துண்டு, சாவித் துளை எதுவும் ஒட்டைக் கடக்காது. ஒட்டுக்கோடு கழுத்தின் பின்னால், நட்டுக்கு ஏறக்குறைய நேர்கீழே வெளிப்படும். இரண்டாவது வழியில் கழுத்தின் சரிவே தலையின் மேல்முகத்தின் தொடக்கம் ஆகிறது. தலைத்துண்டின் சீவிய முனை கழுத்தின் அடிமுகத்தில் ஒட்டுகிறது. கோடு தலையின் முகத்தில் குறுக்கே தெரியும் என்பதால், அதை மறைக்க முகத்தில் மெல்லிய தகடு ஒட்டியாக வேண்டும். கிளாசிகல் கிதார் செய்பவர்களில் பலர் இரண்டாவதைச் செய்கிறார்கள், அதுவும் நன்றாகவே நிற்கிறது. எது அதிக வலு என்று அறுதியிட்டுச் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. எஃகுக் கம்பிக் கழுத்தை முதன்முறை செய்பவருக்கு முதல் வழியைத்தான் சொல்வேன். சாவித் துளைகள் ஒட்டைத் தொடாததும், சின்னப் பிழைகள் ஃப்ரெட்போர்டுக்கு அடியில் மறைவதும் பெரிய வசதி. கீழே உள்ள அளவுகள் எல்லாம் முதல் வழிக்கு.

கோணமானியைத் தேட வேண்டாம். கனம் ஒன்றுக்கு நீளம் நான்கு என்று கோடு போட்டால் அதுவே 14 டிகிரி. 20 மி.மீ. பலகையில், விளிம்பின் மேல் ஓரத்தில் ஒரு புள்ளி, அங்கிருந்து நீளவாக்கில் 80 மி.மீ. தள்ளிக் கீழ் ஓரத்தில் ஒரு புள்ளி, இரண்டையும் சேருங்கள். பலகை 22 மி.மீ. என்றால் 88. இரண்டு பக்க விளிம்பிலும் இதே கோடு, மேலும் கீழும் மூலைமட்டம் வைத்துக் குறுக்குக் கோடு. கிப்சன் கிதார்களில் 17 டிகிரிச் சாய்வு பிரபலம். சாய்வு கூடக் கூடக் கம்பி நட்டின்மேல் அழுத்தமாக உட்காரும் என்பது உண்மைதான், ஆனால் 10 டிகிரிக்கு மேல் போனாலே வேண்டிய அழுத்தம் கிடைத்துவிடுகிறது. சாய்வு கூடினால் ஒட்டுமுகம் குறுகும்: 20 மி.மீ. பலகையில் 14 டிகிரிக்கு 82 மி.மீ. ஒட்டு கிடைக்கும், 17 டிகிரிக்கு 68 தான். 14-ஐயே வைத்துக்கொள்ளுங்கள். பலகை 70 மி.மீ. அகலமாவது இருக்கட்டும். நட்டுக்கு அருகில் கழுத்து 43 மி.மீ. தான் என்றாலும், இரு பக்கமும் மிஞ்சும் 13 மி.மீ. வெட்டுமரம் பிறகு எப்படி உதவும் என்பதைப் பாருங்கள்.

அறுப்பது கை ரம்பத்தால் போதும். கோட்டுக்கு ஒரு மி.மீ. வெளியே அறுத்து, மிச்சத்தை இழைப்புளிக்கு விடுங்கள். அறுத்தபின் தலைத்துண்டைச் சாவிகளுக்கு ஏற்ற கனத்துக்கு முதலிலேயே இழைத்துவிட வேண்டும். பெரும்பாலான சாவிகளுக்கு 14 முதல் 15 மி.மீ. சரியாக இருக்கும். உங்கள் கையில் உள்ள சாவியை அளந்து பாருங்கள். இந்த வரிசை முக்கியம். ஒட்டிய பிறகு தலையின் முகத்தை இழைத்தால், ஒவ்வொரு மி.மீ.க்கும் நட் நிற்கும் கோடு 4 மி.மீ. உடல்பக்கம் நகர்ந்துவிடும். நட் கோட்டை முன்பே குறித்து, அதை நம்பி ஃப்ரெட் (வீணையின் மெட்டு போன்றது) இடங்களையும் குறித்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே தலையின் முகத்தில் எல்லா வேலையும் முடிந்தபின் கடைசியாக நட் கோட்டைப் போடுங்கள். 15 மி.மீ. தலைத்துண்டின் சீவிய முனை 62 மி.மீ. நீளம் வரும். 650 மி.மீ. ஸ்கேலில், அதாவது நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் இடையே அதிரும் கம்பி நீளம் அவ்வளவு இருந்தால், இரண்டாவது ஃப்ரெட் நட்டிலிருந்து 71 மி.மீ.-ல் இருப்பதால், ஒட்டின் மேல்கோடு அதற்குச் சற்று முன்னதாக முடிகிறது.

இழைப்பதற்கு இரண்டு துண்டுகளையும் ஒன்றாக அடுக்குங்கள். கீழே கழுத்துத் துண்டு, அதன் கூர்நுனி ஒரு நேரான அடிப்பலகையின் ஓரத்தோடு ஒட்டி நிற்கட்டும். மேலே தலைத்துண்டைப் புரட்டி, இரண்டு சரிவும் ஒரே நீண்ட சரிவாகத் தெரியும் அளவுக்குப் பின்னே தள்ளிக் கிளாம்ப் போடுங்கள். பிறகு கனமான பக்கத்திலிருந்து மெல்லிய நுனியை நோக்கி, சரிவில் இறங்கும் திசையிலேயே இழையுங்கள். எதிர்த்து ஏறினால் நுனி நார் பிய்ந்து வரும். அடிப்பலகை தாங்காவிட்டால் நுனி இழைப்புளியின் அழுத்தத்தில் கீழே வளைந்து, பிறகு நிமிரும். முகம் தட்டையாக இருப்பதுபோல் தோன்றும், நுனியில் மட்டும் அரை மயிரிழை குறையும். உங்கள் இரண்டாவது ஒட்டில் கோடு விட்ட இடம் இந்த நுனிதான் என்பதை நினைவில் வையுங்கள்.

முகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மூன்று சோதனைகள். பென்சிலால் முகம் முழுக்கக் குறுக்குக் கோடுகள் கிறுக்கி, கண்ணாடித் துண்டில் ஒட்டிய 120 நம்பர் உப்புத்தாளில் இரண்டு தடவை மெல்ல இழுத்தால் எல்லாக் கோடும் ஒரே சீராகத் தேய வேண்டும். உப்புத்தாளிலேயே வேலையை முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், அது ஓரங்களை உருட்டிவிடும். சோதித்தபின் கூரான இழைப்புளியால் ஒரு மெல்லிய சீவல் எடுத்துவிடுங்கள். இரண்டாவது, இரண்டு முகத்தையும் பசையில்லாமல் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எங்கும் ஒளி கசியக்கூடாது. மூன்றாவது, கழுத்தின் மேல் ஒரு நேர்க்குச்சியும் தலையின் மேல் ஒரு நேர்க்குச்சியும் குறுக்கே வைத்து, ஒரு முனையிலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். குச்சிகள் இணையாகத் தெரியாவிட்டால் தலை முறுக்கிக்கொண்டிருக்கிறது. கிளாம்பால் முறுக்கை நேராக்க முயலாதீர்கள். கிளாம்பை எடுத்ததும் மரம் தன் இடத்துக்கே போகப் பார்க்கும், அந்த இழுவையைப் பசை காலம் முழுக்கச் சுமக்க வேண்டியிருக்கும்.

நழுவியதற்கு வருவோம். பசை தடவிய சரிவு சறுக்குமரம் மாதிரி. கிளாம்ப் அழுத்தினால் ஆப்பு போல இரண்டு துண்டும் எதிரெதிரே விலகும். நீளவாக்கில் 2 மி.மீ. நழுவினால் மேல்முகத்தில் அரை மி.மீ. படி விழும், அதை இழைத்துச் சரிசெய்துவிடலாம். உங்கள் முதல் கழுத்தை அதற்காகத் தூக்கிப் போட்டிருக்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் திரும்பியிருந்தால்தான் கெடுதல்: ஒரு டிகிரி திரும்பினாலும் 180 மி.மீ. தள்ளித் தலை நுனியில் 3 மி.மீ. விலகும். இதைத் தடுக்க, மேலே சொன்ன வெட்டுமரத்தில், ஓரத்திலிருந்து 6 மி.மீ. உள்ளே, இரு பக்கமும் ஒவ்வொரு மூங்கில் ஆணி வையுங்கள். பசையில்லாமல் சரியாகச் சேர்த்துக் கிளாம்ப் போட்ட நிலையிலேயே 3 மி.மீ. துளையிட்டு, வழுவழுப்பாகச் சீவிய மூங்கிலை இறுக்கமாகத் தட்டிப் பாருங்கள். பசை தடவியபின் அதே துளையில் அதே ஆணி. பிறகு கழுத்தை வடிவுக்கு அறுக்கும்போது அவை வெட்டுமரத்தோடு போய்விடும். இரும்பாணி வைத்தால் ரம்பப் பல் போகும். அடிப்பலகையில் தலைத்துண்டின் மறுமுனைக்கு ஒரு தடுப்புக்கட்டையும் அடித்துவிட்டால் இனி நழுவ வழியில்லை. பசைக்கு முன் ஒருமுறை எல்லாக் கிளாம்பையும் வெறுமனே போட்டுப் பழகுங்கள். பசை தடவிக்கொண்டு கட்டையைத் தேடும் நேரத்தில்தான் ஒட்டு கெடுகிறது.

பசையில், மரப்பட்டறைகளில் புழங்கும் வெள்ளை ஃபெவிகால் இந்த வேலைக்குப் போதுமான வலு உள்ளது. அதன் குறை வேறு: விடாத இழுவையிலும் சூட்டிலும் வெள்ளைப் பசைகள் மிக மெதுவாக நெகிழும். மூடிய காரில், வெயிலில் நிற்கும் வேனின் பின்பக்கம் கிதாரை விட்டால் இந்த நெகிழ்வு வேகமெடுக்கும். மஞ்சள் நிற டைட்பாண்ட் ஒரிஜினல் கிடைத்தால் அதை வாங்குங்கள், காய்ந்தபின் இறுக்கம் கூடுதல். கிடைக்காவிட்டால் மெதுவாக இறுகும் அரால்டைட், இரண்டு குழாயிலிருந்தும் சம அளவு. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம். அரால்டைட் போட்டால் கிளாம்பை மிதமாக இறுக்குங்கள், முழுவதும் பிதுங்கி வெளியேறினால் முகம் பட்டினி கிடக்கும். விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசை பற்றி உங்கள் ஆசாரி சொல்லியிருப்பார். அது நெகிழாது என்பதில் அவர் சொல்வது முழுச் சரி. ஆனால் நாகை, வேதாரண்யம் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் காற்றில் நிற்கும் ஈரத்தை வச்சிரம் உறிஞ்சும். சுமை தாங்கும் இந்த ஒட்டில் அந்த ஆபத்தை ஏன் எடுக்க வேண்டும்?

பசையை இரண்டு முகத்திலும் தடவ வேண்டும். சரிவாக இழைத்த முகத்தில் நாரின் வாய்கள் ஓரளவு திறந்திருப்பதால் அது பசையைக் குடிக்கும். முதலில் மெல்லிய பூச்சு, இரண்டு நிமிடம் விட்டு இன்னொரு பூச்சு. சித்திரை வைகாசி மதியத்தில் இதைச் செய்யாதீர்கள். 38 டிகிரி வெயிலில் வெள்ளைப் பசை சில நிமிடங்களிலேயே மேலே ஆடை கட்டும், ஆடை கட்டிய பசை ஒட்டாது. விடியற்காலையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள். பாலித்தீன் தாளின்மேல் வைத்து, மேலும் கீழும் 20 மி.மீ. கனமுள்ள அணைகட்டைகள் கொடுத்து, மூன்று எஃப் கிளாம்ப்: முதலில் நடு, பிறகு இரண்டு கூர்நுனிகள். நுனிகளுக்கு நேர்மேலே அழுத்தம் விழ வேண்டும், பலர் நடுவில் மட்டும் இறுக்கிவிட்டு நுனியை மறந்துவிடுகிறார்கள். ஓரம் முழுக்கப் பசை சிறு மணிகளாக வரிசை கட்டி நின்றால் அழுத்தம் சரி. ஒரு இடத்தில் மணியே இல்லாவிட்டால் அங்கே முகம் சேரவில்லை அல்லது பசை போதவில்லை.

கிளாம்பில் ஒரு முழு நாள், மழைக்காலம் என்றால் இரண்டு. அதற்குப் பிறகும் ஒரு வாரம் அந்தப் பக்கம் உளி போகக்கூடாது. நீர் கலந்த பசை ஒட்டின் இருபக்க மரத்தையும் ஊதவைக்கும். ஊதியிருக்கும்போதே மட்டமாக இழைத்துவிட்டால், ஈரம் போனபின் அந்த இடம் பள்ளமாக இறங்கி, ஃப்ரெட்போர்டுக்கு அடியில் வெற்றிடம் விழும்.

இனி உங்கள் மயிரிழைக் கோடு. நீங்கள் அனுப்பிய படத்தை மட்டும் பார்த்துக் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. நுனி சேராமல் ஒட்டியது, பசை ஆடை கட்டியது, ஈர மரம் பிறகு காய்ந்து சுருங்கியது, மூன்றில் எதுவும் ஆகலாம். சவர பிளேடை மெல்ல நுழைத்துப் பாருங்கள். 2 மி.மீ.க்கு மேல் போகாமல், இரு ஓரத்திலும் ஒரே அளவு இருந்தால் கூர்நுனி மட்டும் சேரவில்லை என்று பொருள். கழுத்தின் பின்புறத்தைச் செதுக்கும்போது அந்த நுனி போய்விட வாய்ப்புண்டு. 5 மி.மீ. போனாலோ, கம்பியைத் தளர்த்தினால் கோடு மூடி இறுக்கினால் திறந்தாலோ, ஒட்டு விட்டுக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் மேலே பசை விட்டு நிரப்பாதீர்கள். காய்ந்த வெள்ளைப் பசைமேல் புதுப் பசை பிடிக்காது. ஃபெவிகுவிக் உள்ளே ஓடிக் கோட்டை மறைக்கும், வலுவைத் தராது.

பிரித்து மறுபடி ஒட்டுவதே வழி, அது பயப்படும்படியான வேலையும் இல்லை. ஃப்ரெட்போர்டின் நுனி ஒட்டின் மேல் இருப்பதால் முதலில் அதை இளக்கிக் கழற்ற வேண்டும். பிறகு ஈரத்துணி போட்டு மேலே இஸ்திரிப் பெட்டியைச் சில நிமிடம் வைத்து, சூடு உள்ளே இறங்கியதும் மெல்லிய கத்தியைக் கோட்டில் நுழைத்து மெதுவாகத் தள்ளினால் வெள்ளைப் பசை இளகிக் கொடுக்கும். பிரிந்ததும் முகங்களைப் பாருங்கள், உங்கள் கேள்விக்கு அங்கே விடை இருக்கும். பசை ஒரு முகத்தில் மட்டும் கண்ணாடிபோல் பளபளத்தால் ஆடை கட்டியிருக்கிறது. தடித்த படலமாக இருந்தால் அந்த இடத்தில் முகங்கள் தொடவேயில்லை. துணியின் ஈரம் போக இரண்டு வாரம் நிழலில் விட்டு, பழைய பசை முழுதும் போகும்வரை மறுபடி அடுக்கி இழைத்து ஒட்டுங்கள். முன்னதாக, மிச்சமான துண்டுகளில் அதே மரம், அதே பசை, அதே சரிவில் ஒரு மாதிரி ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பட்டறை ஓரத்தில் வைத்து அடித்து உடையுங்கள். உடைப்பு மரத்தின் நாரில் ஓடினால் உங்கள் கை சரி. பசைக்கோட்டில் சுத்தமாகப் பிரிந்தால் கழுத்தைத் தொடாமல் இன்னொரு மாதிரி செய்யுங்கள்.

குச்சி அடிப்பது பற்றி: ஒட்டின் நடுவே குச்சி இறக்கினால் வலு கூடாது. நார்களை அறுத்துத் துளைபோட்டு, அதில் ஒரு சின்னக் குச்சியைத் திணிக்கிறீர்கள். போதாததற்கு அதே நடுவில், கழுத்தின் வளைவைச் சீர்செய்யும் எஃகுத் தண்டான ட்ரஸ் ராடுக்கு 6 மி.மீ. அகலக் காடி வர வேண்டும். காடியை ஒட்டு காய்ந்தபின் எடுங்கள். ராடைத் திருப்பும் முனையைத் தலைப்பக்கம் வைத்தால், நட்டுக்குப் பின்னால் ஏற்கனவே மரம் குறைந்த இடத்தில் இன்னும் குழி விழும். உடல்பக்கம் வைக்க முடிந்தால் அதுவே நல்லது. வலு வேண்டுமானால் செதுக்கும்போதே நட்டுக்குப் பின்னால் காளையின் திமில்போல் 3 மி.மீ. மேடு விடுங்கள். ஒட்டுக்கோடு வெளிப்படும் இடம் சரியாக அதற்கடியில் போய்விடும்.

மரத்தைப் பற்றி ஒன்று. மரவாடியில் "காய்ந்ததுதான்" என்று கொடுக்கும் டெல்டா மகோகனியும் வாய்க்கால் கரைத் தேக்கும் பெரும்பாலும் மேலே மட்டும் காய்ந்தவை. ஈரமானியில் 12 சதவீதத்துக்குக் கீழ் வந்தபின் ஒட்டுங்கள். அடைமழைக் காலத்தில் 80 சதவீதக் காற்று ஈரத்தில் கிடக்கும் மரம் 15, 16 சதவீதத்துக்கு ஏறிவிடும். அப்போது ஒட்டிய கழுத்து பங்குனியில் சுருங்கத் தொடங்கும். மாசி முதல் ஆனி வரை ஒட்டு வேலைக்கு ஏற்ற மாதங்கள். தலையும் கழுத்தும் ஒரே பலகையின் அடுத்தடுத்த துண்டுகளாக இருந்தால் இரண்டும் ஒன்றாகச் சுருங்கி ஒன்றாக ஊதும். வெளிறு (வெளிப்புற இளமரம்) கலக்காத வைரம் பாய்ந்த நடுமரம், கணு இல்லாத இடம், விளிம்பில் பார்த்தால் நார் நேராக ஓடும் பலகை. வீணைக்குப் போகும் பண்ருட்டிப் பலாவில் நல்ல காய்ந்த துண்டு கிடைத்தால் அதிலும் தாராளமாகக் கழுத்து செய்யலாம், நார் பின்னிக்கொண்ட இடங்களில் இழைப்புளியின் அலகை மட்டும் அடிக்கடி தீட்ட வேண்டும். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு, இழைத்த ஒரு மணி நேரத்துக்குள் ஒட்டிவிடுங்கள்.

கம்பி கட்டும்போது ஒரே நாளில் முழுச் சுருதிக்கு ஏற்ற வேண்டாம். முதல் நாள் இரண்டு சுரம் இறக்கி வைத்து, மறுநாள் ஒரு சுரம், அதற்கு மறுநாள் முழுவதும். ஒட்டுக்கோட்டின் குறுக்கே கூரான பென்சிலால் மூன்று மெல்லிய கோடுகள் போட்டுவையுங்கள். மாதம் ஒருமுறை பாருங்கள், கோடு உடைந்து படி தெரிந்தால் பசை நெகிழ்கிறது. ஒரு கோடையும் ஒரு ஐப்பசி மழையும் தாண்டிக் கோடுகள் நேராகவே இருந்தால் அவற்றைத் தேய்த்துவிட்டு மேல்பூச்சு அடியுங்கள்.